யாருக்கும் அம்மா இல்லாத கதைகள்

நம் வயதுக்காரர்கள் பலர் இதை வெளியில் சொல்வதில்லை. காதோரம் நரை வந்துவிட்டது, வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாள் சண்டை போடுகிற ஜப்பானியக் கார்ட்டூனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். யாராவது கார்ட்டூன் என்றால் அனிமே என்று திருத்தவும் செய்கிறோம். நானும் அந்தக் கூட்டம்தான். நடுவில் சில வருஷம் விலகியிருந்தேன்.

விலகியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அலுத்துவிட்டது. கல்லூரியில் பென் டிரைவில் கைமாறி வந்தவை, வேலைக்குப் போன பிறகு சந்தா கட்டிப் பார்த்தவை என்று பார்க்காதது குறைவு. ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாமே ஒன்றாகத் தெரிந்தது. ஊரில் யாரும் மதிக்காத ஒரு பிள்ளை கிளம்பும். வழியில் சிநேகிதர்கள் சேர்வார்கள். ஒரு போட்டி நடக்கும். அடிபட்டு விழும்போது செத்துப்போன யாராவது நினைவுக்கு வருவார்கள். உடனே தொண்டை கிழியக் கத்திவிட்டு எழுந்து ஜெயிக்கும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தாயிற்று, இனிக் கத்தப் போகிறது என்று தெரிந்தது. அணைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். அதோடு சரி.

போன வருஷம் திரும்பி வந்தேன். எப்படி என்று சொல்ல, பன்னிரண்டு வயதில் நான் படுத்துக்கிடந்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சென்னையில் மட்டும் செட் டாப் பாக்ஸ் கட்டாயம் என்று வந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். பெட்டி வாங்காத வீடுகளில் ஒரே நாளில் பாதி சேனல்கள் காணாமல் போயின. அந்த வருஷம்தான் தண்ணீர்ப் பஞ்சமும். மயிலாப்பூரில் தெப்பக்குளம் கட்டாந்தரையாகக் கிடந்தது, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். நாங்கள் மாடவீதிக்குப் பின்னால் ஒரு இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எனக்கு இரண்டு வயது மூத்தவன் அண்ணா.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் எனக்குத் தொண்டை வலி வந்து போயிற்று. அது போன பிறகு முழங்கால் வீங்கியது. முழங்கால் வடிவதற்குள் மணிக்கட்டு. ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். இதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது, ருமாட்டிக் காய்ச்சல், முழு ஓய்வு வேண்டும், நடக்கக்கூடாது, ஓடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே என் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து டிவிக்கு எதிரே போட்டார்கள். அம்மா நீண்ட லீவு போட்டாள். பாத்ரூமுக்கு அப்பா தூக்கிப்போவார், அவர் ஆபீஸ் போன பிறகு அம்மா தூக்குவாள். கூப்பிடுவதற்குக் கத்தக்கூடாது என்று பூஜை மணியைத் தலைமாட்டில் வைத்தார்கள். சத்தமாகச் சிரித்தால்கூட அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். மத்தியானம் என் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, என் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தூங்குவாள். கொஞ்சம் அசைந்தாலும் கை இறுகும்.

படுக்கையிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவி, மின்விசிறி, பால்கனிக் கதவில் ஒரு துண்டு வானம். மற்றதெல்லாம் காதும் மூக்கும்தான். காலையில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வரும். கோவிலில் உச்சிகால மணி அடிக்கும். தண்ணி லாரி ஹாரன் கேட்டால் மாடிப்படி முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள் இடித்துக்கொண்டு இறங்கும். முதுகு புழுங்கிப் புழுங்கி வேர்க்குரு வந்தது. விரிப்பில் இருந்த நீலப் பூக்களின் இதழ்களை விரலால் தடவித் தடவி ஓரிடத்தில் சாயமே போய்விட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் வரும். சண்டை போட்டுக்கொள்ளும் மலை நாடுகளுக்கு நடுவே தூது கொண்டு ஓடுகிற ஒரு பெண்ணின் கதை. கையில் ஒரு கழி, காலில் வைக்கோல் செருப்பு. பாலம் அறுந்து விழும், அவள் தாண்டிவிடுவாள். அம்பு வரும், குனிந்துவிடுவாள். எல்லாம் ஹிந்தியில். ஹிந்திப் பரீட்சை இரண்டு எழுதியிருந்ததால் தனக்குப் புரியும் என்று அண்ணா சொன்னான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்வான். அவன் சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கோட்டைக் காவலன் ஈட்டியை நீட்டுவான். அண்ணா அவனுக்குக் குரல் கொடுப்பான். “இன்னாமே, எங்க போய்க்கினு கீற?”

தூதுக்காரி நிமிர்ந்து பார்ப்பாள். “ராஜாவுக்கு லெட்டர் கீது நைனா. வழிய வுடு.”

நான் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். அம்மா உள்ளேயிருந்து, ஆத்துல இந்தப் பேச்சு வேண்டாம் என்பாள். அடுத்த நாளும் அவன் அப்படித்தான் பேசுவான்.

ஒருநாள் பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்றை எடுத்து, கறுப்பு எலெக்ட்ரிக் டேப்பைச் சுற்றி, தூதுக்காரியின் கழி என்று என்னிடம் கொடுத்தான். பிடிக்கிற இடத்தில் அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கட்டியிருந்தான். அதைப் போர்வைக்குள் என் கூடவே வைத்துக்கொண்டேன். டேப்பின் ரப்பர் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஆடி முடிகிற சமயம் மறுபடி டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, என்னை ஆட்டோவில் உட்காரச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் உள்ளே பேசினார்கள். அம்மா வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோ போகும்போது அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி கட்டில்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை தண்ணி லாரி வந்தது. அப்பா ஆபீசுக்குக் கிளம்பியிருந்தார். அம்மாவும் அண்ணாவும் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் நான் மட்டும். கீழே யாரோ வரிசையைக் கலைத்துவிட்டார்கள் போல, ஒரே இரைச்சல். இத்தனை நாள் காதால் மட்டும் கேட்ட தெருவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். வீரமெல்லாம் இல்லை. கம்பியை ஊன்றிக்கொண்டு இறங்கினேன். தரை சில்லென்று இருந்தது. கால் நடுங்கியது, ஆனால் நின்றது. நெஞ்சு படபடக்கும், கீழே விழப் போகிறேன் என்று காத்துக்கொண்டே பால்கனி வரைக்கும் போனேன். ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் கண் கூசியது. கீழே அண்ணா, தலைக்கு மேலே குடத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

பின்னால் பெரிய சத்தம். அம்மா வாசலில் நின்றிருந்தாள். குடம் கீழே விழுந்து, தெருவே அடித்துக்கொள்கிற தண்ணீர் ஹால் முழுக்க ஓடியது. அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். அவள் அழுததைவிட அந்தப் பிடிதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவள் கண்ணில் கம்பி பட்டது. யார் கொடுத்தது என்று கேட்டாள். அண்ணா அடுத்த குடத்தோடு மேலே வந்தான். அவன்தான் என்னை ஏற்றிவிட்டிருக்கிறான், ஓடுகிற பெண்ணைக் காட்டிக் காட்டி நடக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. நானாகத்தான் எழுந்தேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. அண்ணா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரைத் துணியை எடுத்துவந்து, தண்ணீரை ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தான்.

அந்த வாரமே அவனை நங்கநல்லூரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் பத்தாவது, இங்கே படிப்பு கெடுகிறது என்று மற்றவர்களிடம் காரணம் சொன்னார்கள். கம்பி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாதம் பிறந்ததும் சேனலும் போயிற்று. பெட்டி வாங்கலாமா என்று அப்பா கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றாள். ஐந்து மணிக்கு அந்த எண்ணை அழுத்தினால் வெறும் நீலம்.

நவராத்திரிக்கு ஹாலில் ஒரு பக்கம் கொலு, மறுபக்கம் என் கட்டில். வருகிற மாமிகள் பொம்மைகளைப் பார்ப்பார்கள், பாடுவார்கள், சுண்டல் வாங்கிக்கொள்வார்கள், பிறகு என் பக்கம் திரும்பித் தலையைத் தடவிவிட்டு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பத்து நாளும் நான் ஒரு படி கீழே வைத்த பொம்மைதான். விஜயதசமியன்று, கொலு முடிந்தது என்பதற்கு, ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார்கள். அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. நெஞ்சு வலிக்கிறதா என்று அம்மா பதறினாள். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாள் என்பதால், கொஞ்சம் வலிக்கிறது என்றேன்.

தீபாவளிச் சத்தத்தையும் படுத்தே கேட்டேன். பொங்கல் கழித்துத்தான் எழவிட்டாள். அதற்குள் கால் குச்சியாகியிருந்தது, நடக்கவே பழக வேண்டியிருந்தது. அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவான். பத்தாவதை அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்தான். அப்புறம் வேலை, கல்யாணம், வீடு எல்லாம் அவனுக்கு நங்கநல்லூர்தான். எங்கள் வீட்டில் அவனுக்கென்று ஒரு அலமாரி இருந்தது. அதில் பிறகு அம்மா விடைத்தாள்களை அடுக்கினாள்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இரண்டு பேரும் காலையில் பூங்காவில் நடக்கப் போவோம். ஒருநாள் பேச்சுவாக்கில், நீ படுத்திருந்த வருஷம் ஆடி முடியும்போதே உன்னை நடக்கவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். நான் நின்றுவிட்டேன்.

“ஏன்ப்பா நீ சொல்லலை?”

அவர் கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வந்தார். “உங்கம்மாவோட தம்பி அதே வியாதிலதான் போனான், ஒன்பது வயசுல. அவ உன் நெஞ்சுல கைவெச்சுண்டு தூங்கிண்டிருந்தா. அவகிட்ட போய் நான் என்ன சொல்ல?”

அப்பா இப்போது இல்லை. அவர் சொன்னதை நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. கேட்காமல் வைத்திருந்தது உள்ளே கல்லாகக் கிடந்தது. பண்டிகைக்குப் போவேன், மாத்திரை வாங்கிக் கொடுப்பேன், ஆனால் அவள் என்னைத் தொட்டால் தோள் தானாக ஒதுங்கும்.

போன வருஷத்துக்கு வருகிறேன். முன்னால் இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக எனக்குத் தங்கியது. ஐந்தாம் மாதம் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுத்தே இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடையாறில் எங்கள் ஃபிளாட். கணவர் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். துணைக்கு யார் வருவது என்று யோசிப்பதற்கு முன்னால் அம்மா பையோடு வந்து இறங்கிவிட்டாள்.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அதில் வரிசையாக ஏசி பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் பாசிக் கோடு. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவள் கஞ்சியோடு உள்ளே வரும்போதெல்லாம் எனக்குப் பன்னிரண்டு வயதாகி மூச்சு முட்டியது.

அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்லெட் ஒன்றையும், கட்டிலில் மாட்டுகிற ஸ்டாண்டையும் கொண்டுவந்தான். எனக்கு அதெல்லாம் அலுத்துவிட்டது என்றேன். அவன் கேட்கவில்லை, ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். கடலோரக் கோட்டைகளைக் காக்கிற பெண்படையின் கதை. நினைத்தபடியே ஒருத்தி கிளம்பினாள், சிநேகிதிகள் சேர்ந்தார்கள், அடிபட்டு விழுந்தாள். அணைக்கக் கை நீட்டினேன். ஸ்டாண்ட் எட்டவில்லை, எழுந்திருக்கக் கூடாது. அதனால் அடுத்த பகுதியும் ஓடியது.

அதில் ஒன்றுமே நடக்கவில்லை. விழுந்தவள் யாரோ ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டில் படுத்துக்கிடந்தாள். மழை பெய்தது. ஒரு கிழவர் வலை பின்னினார். அவள் கூரையைப் பார்த்தாள். கத்தவில்லை, எழவில்லை. கஞ்சி கொடுத்தார்கள், குடித்தாள். இப்படிப்பட்ட பகுதிகளை ஃபில்லர், சும்மா இட்டு நிரப்பியது என்று நாம் கேலி செய்வோம், நானும் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் கவனித்தேன், அவள் விரல் பாயின் ஒரு கோரையை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தது. வரைந்தவர் யாரோ, அவரும் எங்கோ படுத்துக்கிடந்திருக்க வேண்டும். அன்று மாலை அண்ணாவுக்குப் போன் செய்து இன்னும் வேண்டும் என்றேன். அவன் சிரித்தான்.

மத்தியானங்களில் அம்மாவும் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். கண்புரை எடுத்த கண்ணுக்கு திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்து பிடிபடவில்லை. நான் தமிழில் சொன்னேன். முதலில் கடமைக்கு, பிறகு கொஞ்சம் ரசித்தே. அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். ஒருநாள் கத்தியை நிறுத்தினாள்.

“ஏண்டி, இந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லையா?”

“இந்தக் கதைல யாருக்குமே அம்மா இருக்க மாட்டா. இருந்தா வாசலைத் தாண்ட விடுவாளா?”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டது. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். படம் ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்றாள். பிறகு யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். தம்பிக்கு உடம்பு தேறிக்கொண்டிருந்தது. படுத்தே இருக்க அழுதான். பெரியவர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானம், பாவமாக இருக்கிறதே என்று அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பட்டம் காட்டியது அவள்தான். அவனும் ஓடினான், நன்றாகச் சிரித்தான். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதனால்தானா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

“நீ பால்கனில நின்னப்போ அவன்தான் நிக்கறான்னு நெனச்சேன்” என்றாள். அண்ணாவைப் பற்றி நான் கேட்காமலே, அவன் மேல் தப்பில்லை என்று அன்றைக்கே தெரியும், ஆனால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போன தன்னையே பார்த்ததுபோல் இருந்தது என்றாள். எனக்கு உடனே மனசு இளகிவிடவில்லை. அந்த வருஷம் என்னுடையது, அண்ணாவுடையது, அது திரும்ப வராது. அதையும் அவளிடம் சொன்னேன். சொல்லட்டும் என்று இருந்தாள். பிறகு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டாம் மாதம் முடியும்போது டாக்டர் என்னை எழச் சொன்னார். இனி நடக்கலாம், நடந்தால்தான் நல்லது என்றார். வீட்டுக்கு வந்து படுத்தவள்தான், எழவில்லை. நாளைக்கு என்றேன். இடுப்பு வலி என்றேன். இன்னும் இரண்டு பகுதி பார்த்துவிடுகிறேன் என்றேன். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, உள்ளே அசைகிறதா என்று பார்த்தபடியே கிடந்தேன். அசையாவிட்டால் கை இறுகும். கணவர் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

ஒரு காலை அம்மா வந்து டேப்லெட்டை அணைத்தாள். என் செருப்பைக் கட்டிலுக்கு அருகே வைத்தாள்.

“டாக்டர் நடக்கலாம்னுட்டார். எழுந்திரு. நான் பண்ணினதை நீ பண்ணாதே.”

பயமாக இருக்கிறதம்மா என்றேன். எனக்கும்தான் என்றாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தோள் எலும்பு கையில் குத்தியது, இவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று அதுவரை கவனிக்கவில்லை. லிஃப்டில் இறங்கி வாசல் வரைக்கும் வந்தோம். வெயில் ஏறாத நேரம், பால் பாக்கெட் பையோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிப் போட்டார், உட்கார்ந்தாள். நானும் நின்றேன்.

“நீ போ. முனை வரைக்கும் போயிட்டு வா. நான் இங்கதான் இருக்கேன்” என்றாள்.

போனேன். இஸ்திரி வண்டியைத் தாண்டி, தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றி, மெதுவாக. வயிறு முன்னே போனது, நான் பின்னே போனேன். முனைக்கு வந்ததும், அம்மாவின் கண் என் முதுகிலேயே இருக்கும் என்று நினைத்துத் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாட்ச்மேனிடம் எந்த ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.